சீனர், மேலைநாட்டார் உடல்மொழி: கிண்டியில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சி காசுக்குத் தகுமா?

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பர்ச்சேஸ், தரக் கட்டுப்பாடு, புராஜெக்ட் வேலையில் இருப்பவர்கள் காலையில் ஷென்ஜென் சப்ளையரோடும் மாலையில் ஸ்டுட்கார்ட் வாடிக்கையாளரோடும் பேச வேண்டியிருக்கிறது. அவர்களை மனதில் வைத்துக் கிண்டியில் ஒரு மையம் நடத்தும் வகுப்பு இது. சனி, ஞாயிறு, காலை 9.30 முதல் மாலை 5 வரை. கட்டணம் 8,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மதியச் சாப்பாடும் கையேடும் அதற்குள் அடக்கம். ஒரு தொகுதிக்கு 16 பேர்தான். பாடம் தமிழில், கையேடு ஆங்கிலத்தில்.

இந்த மாதிரி வகுப்புகளில் வழக்கமாகப் பலகையில் இரண்டு கட்டம் போடுவார்கள்: சீனர் இப்படி, வெள்ளைக்காரர் அப்படி. இங்கே மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. அது நாம். சென்னையில் நடக்கும் வகுப்புக்கு இதுதான் உயிர்நாடி. எதிரே இருப்பவரின் உடல்மொழியை நாம் படித்துக்கொண்டிருக்கும்போதே, அவரும் நம் கையையும் தலையையும் பார்த்துக் குழம்பிக்கொண்டிருக்கிறார்.

அதனால் முதல் பயிற்சியே தலையாட்டல். ஒருவர் இரண்டு நிமிடம் ஒரு வேலையை விளக்க, மற்றவர் கேட்க வேண்டும். கேட்பவரைப் போனில் வீடியோ எடுத்து, ஒலியை அணைத்துப் போட்டுக் காட்டுகிறார்கள். நம் பக்கவாட்டு ஆட்டம் ‘சரி’ என்பதற்கும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் ‘பார்க்கலாம்’ என்பதற்கும் ஒரே மாதிரி இருப்பது அப்போதுதான் கண்ணில் படும். ஜெர்மானியருக்கு அது ‘இல்லை’ போலவே தெரியும். சீனர் மேலும் கீழும் தலையசைப்பது பல நேரம் ‘காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்’ என்ற அளவுக்குத்தான். அமெரிக்கர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார், பிறகு தேதி தவறும்போது பழி விழும். பயிற்சியாளர் சொல்லும் மருந்து எளிது: தலையசைப்பை முடிவாகக் கொள்ளாமல், யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எதிர்த்தரப்பையே வாயால் சொல்ல வைத்து, அன்றே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும்.

வகுப்பின் சிறந்த ஒரு மணி நேரம் விரல் எண்களுக்கு. சீனர்கள் 1 முதல் 10 வரை ஒரே கையில் காட்டிவிடுவார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் 6. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளைக் குவித்தால் 7. கட்டைவிரலும் ஆள்காட்டியும் நீட்டினால் 8. ஆள்காட்டியைக் கொக்கிபோல வளைத்தால் 9. பத்துக்கு மூடிய முஷ்டியும் உண்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களைக் குறுக்காக வைப்பதும் உண்டு, ஊருக்கு ஊர் மாறும். ஆபத்து எட்டில்தான். ஜெர்மானியர் கட்டைவிரலிலிருந்து எண்ணத் தொடங்குவதால், சீனரின் 8 அவருக்கு 2. பேக்டரி சத்தத்தில் பேச்சு கேட்காமல் கையால் பெட்டிக் கணக்குச் சொல்லும் இடத்தில் இது விளையாட்டல்ல. எண்ணைக் கையால் காட்டினாலும் துண்டுச் சீட்டிலோ போன் கால்குலேட்டரிலோ தட்டிக் காட்டிவிடச் சொல்கிறார்கள். சரியான அறிவுரை.

ஒருவரை அருகே கூப்பிட நாமும் சீனரும் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து விரல்களை அசைக்கிறோம். மேலைநாட்டார் பலருக்கு அது ‘போ’ என்று சொல்வதுபோல இருக்கும். அவர்கள் ஒற்றை விரலை மேல்நோக்கி வளைத்துக் கூப்பிடுவதோ சீனருக்கு மரியாதைக் குறைவு. ‘நானா?’ என்று கேட்கும்போது சீனர் தன் மூக்கைத் தொடுவார், மேலைநாட்டார் நெஞ்சைத் தொடுவார்.

விசிட்டிங் கார்டு விஷயத்தில் நம் நல்ல பழக்கமே நமக்கு எதிராக நிற்கிறது. வலக்கையால் கொடுத்தால் மரியாதை முடிந்தது என்று வளர்ந்தவர்கள் நாம். சீனருக்கு இரண்டு கையும் வேண்டும். கார்டின் மேல் மூலைகளைப் பிடித்து, எழுத்து வாங்குபவரை நோக்கி இருக்குமாறு நீட்ட வேண்டும். வாங்கியதைச் சில நொடி படித்துவிட்டு மேசைமேல் வைக்கலாம். பின்பாக்கெட்டில் செருகுவதும் அதன்மேல் குறிப்பு எழுதுவதும் தவறு. கைகுலுக்கலில் சீனரின் பிடி பொதுவாக இலேசானது, பார்வை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அதைத் தயக்கம் என்று அமெரிக்கர் நினைப்பார். இடுப்பை வளைத்து வணங்க வேண்டியதில்லை. அது ஜப்பானிய முறை, சினிமா பார்த்து நம்மவர்கள் செய்வது.

மௌனப் பயிற்சியும் நன்று. விலையைச் சொன்னபின் எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால் அமெரிக்கர் நெளிவார், நாமோ அந்த இடைவெளியில் தள்ளுபடியை அள்ளிக் கொடுத்துவிடுவோம். மனதுக்குள் எட்டு வரை எண்ணிவிட்டுப் பேசச் சொல்கிறார்கள். பழுதான போர்டைக் காட்டும்போது சீனப் பொறியாளர் சிரித்தால் அது பெரும்பாலும் சங்கடச் சிரிப்பு, அலட்சியம் இல்லை என்பதையும் விளக்குகிறார்கள்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டையே பாடமாக்கியது அருமை. வட்ட மேசை, நடுவில் சுழலும் தட்டு. விருந்தளிப்பவர் வாசலைப் பார்த்து உட்கார, முக்கிய விருந்தினர் அவருக்கு வலப்பக்கம். கோப்பைகளை மோதும்போது நம் கோப்பையின் விளிம்பு மூத்தவருடையதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தேநீர் ஊற்றினால் விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்வது குவாங்டாங், ஹாங்காங் பக்கத்துப் பழக்கம். பெய்ஜிங்காரரிடம் செய்தால் எடுபடாமல் போகலாம். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தக் கூடாது, இறந்தவருக்கு ஊதுவத்தி ஏற்றுவதை அது நினைவூட்டும். இலையைக் கையால் மறித்துப் ‘போதும்’ என்பதுபோல அங்கே கிண்ணத்தை மறிக்காமல், கொஞ்சம் மீதி வைத்துவிட்டால் போதும். சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதுவும் ‘இறைச்சி வேண்டாம்’ என்பது போதாது. கோழிச் சாறு, பன்றிக் கொழுப்பு, சிப்பி சாஸ் மூன்றையும் பெயர் சொல்லித் தவிர்க்கச் சொல்ல வேண்டும், காய்கறி வதக்கலிலும் அவை இருக்கும். இந்தக் கடைசி விவரம் கையேட்டில் இல்லை, சேர்க்க வேண்டும்.

குறைகளும் சின்னவை அல்ல. ‘தகவலில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடலுக்கு 55’ என்ற ஸ்லைடு இன்னும் இருக்கிறது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒற்றைச் சொற்களை வேறுவேறு தொனியில் ஒலிக்கவிட்டு, ஒன்றில் முகப் படங்களையும் காட்டி, சொல்பவரின் விருப்பு வெறுப்பை ஊகிக்கச் சொன்ன சோதனைகள். விலைப் பேச்சுக்கும் டெலிவரித் தேதிக்கும் அவை பொருந்தாது, மெஹ்ராபியனே அப்படிப் பொதுவாக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இதை நம்பி ஒருவர் ஒப்பந்த வாசகத்தைவிடச் சப்ளையரின் முகத்தை நம்பினால் நஷ்டம் அவருக்குத்தான்.

பேசும்போது இருவருக்கிடையே எவ்வளவு தூரம் என்று அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் வகுத்த இடைவெளி அளவுகளுக்குத் தரையில் டேப் ஒட்டி நிற்க வைக்கிறார்கள். 45 சென்டிமீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை நெருங்கியவர்களுக்கு, அதற்கு மேல் 3.6 மீட்டர் வரை அலுவல் பேச்சுக்கு. நல்ல பயிற்சிதான். ஆனால் ஹால் அதைப் பெரும்பாலும் அமெரிக்க வடகிழக்குக் கடற்கரையின் நடுத்தர வர்க்கத்தாரைக் கவனித்து எழுதினார் என்பதைச் சொல்லாமல், உலக அளவுகோல் போலக் காட்டுகிறார்கள்.

‘மேலைநாட்டார்’ என்ற ஒரே கட்டத்துக்குள் அமெரிக்கரையும் ஜெர்மானியரையும் இத்தாலியரையும் அடைப்பதும், ஜப்பானிய மாணவர்களை வைத்துச் செய்த முகபாவச் சோதனையைச் சீனருக்கு ஆதாரமாகக் காட்டுவதும் அதே வகைப் பிழை. ஸ்ரீபெரும்புதூரில் இது நேரடியாக உதைக்கும். பாக்ஸ்கான் தைவான் நிறுவனம், ஹூண்டாய் கொரிய நிறுவனம். அங்கிருந்து வருகிறவரைச் ‘சீனர்’ என்று நினைத்துப் பேச்சைத் தொடங்கினால் முதல் நிமிடமே கசக்கும்.

நடிப்புப் பயிற்சியில் சீனர் வேடத்தையும் நம்மவர்களே போடுவதால் கேலிக் குரல் வந்துவிடுகிறது. சீனாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தாலே இது சரியாகும். சப்ளையரோடு தொடர்பில் இருக்க வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள் என்று கையேடு சொல்வது பழைய சங்கதி: 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. வாட்ஸ்அப் சீனாவுக்குள் திறக்காது. மின்னஞ்சல் அல்லது டீம்ஸ் என்று பயணத்துக்கு முன்பே பேசி முடிவு செய்வதுதான் வழி.

புதிதாகச் சீனாவுக்கோ ஜெர்மனிக்கோ போகிறவர்களுக்கும், ஆலைக்கு வரும் குழுவை வரவேற்பவர்களுக்கும் இரண்டு நாளும் தகும். ஐந்தாறு ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் ஞாயிறு மட்டும் போனால் போதும், கேட்டால் தனியாக 5,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். பதிவு செய்யும்போதே எதிர்த்தரப்பு எந்த நாடு, எந்த ஊர் என்று எழுதிக் கொடுங்கள். கொடுத்தவர்களுக்குப் பயிற்சியாளர் அதற்கேற்ற உதாரணம் தயாரித்து வருகிறார், கொடுக்காதவர்களுக்குப் பொதுவான ஸ்லைடுதான். கார் நிறுத்த இடம் கிடையாது, மெட்ரோவில் போவது நல்லது.