ரஷ் ஹவர் 3: ஆறு வருஷம் காத்திருந்ததுக்கு இதுவா?

முதல் ரெண்டு பாகத்த ரசிச்சுப் பாத்தவங்க இந்த மூணாவத தொடாம இருக்கிறது நல்லது. விமர்சனம் அவ்ளோதான், ஆனா வயித்தெரிச்சல் அடங்கல, அதனால கொஞ்சம் விவரமாவே திட்டிடறேன்.

1998ல முதல் படம், 2001ல ரெண்டாவது, அப்புறம் இழுஇழுன்னு இழுத்து 2007ல இது. நடுவுல கிறிஸ் டக்கர் வேற ஒரு படம்கூட பண்ணல, ஜாக்கி சானுக்கு 53 வயசு ஆயிடுச்சு. டைரக்டர் அதே பிரெட் ராட்னர்தான். பட்ஜெட் மட்டும் சுமார் 14 கோடி டாலர், முதல் படத்துக்கு ஆனத விட நாலு மடங்கு கிட்ட. அவ்ளோ காசையும் கொட்டிட்டு ஜோக்கெல்லாம் நேத்து வாங்கி வச்ச தால்பூரி (பருப்பு வச்ச ரொட்டி) மாதிரி வறண்டு கிடக்கு.

ஜாக்கி வயச நான் குத்தம் சொல்லல. ரெண்டாவது பாகத்துல ஹாங்காங் மூங்கில் சாரத்துல ஒரு சண்டை வருமே, அதுல போலீஸ் லீயா வர்ற ஜாக்கி அடிக்கிறதும் கூட்டாளி கார்ட்டரா வர்ற டக்கர் உளறிக்கிட்டே தொங்குறதும் ஒரே ஷாட்டுக்குள்ள ஒண்ணா நடக்கும், அதுதான் இந்த ஜோடியோட ருசியே. இங்க ஒருத்தர் அந்தப் பக்கம் அடிக்கிறாரு, இன்னொருத்தர் இந்தப் பக்கம் கத்துறாரு, நடுவுல டப்பு டப்புன்னு கட் பண்ணிட்டே போறாங்க.

எனக்கு ரொம்ப வலிச்சது கென்ஜி விஷயம். ஆரம்பத்துல லாஸ் ஏஞ்சலஸ்ல சீனத் தூதர் ஹானை சுட்டுட்டு ஓடுற கென்ஜிய லீ துரத்திட்டுப் போயி ஒரு சந்துல மடக்குறாரு. பாத்தா அநாதை இல்லத்துல கூடப்பிறந்தவன் மாதிரி ஒண்ணா வளந்தவன். லீ கையில துப்பாக்கி இருக்கு, சுட மனசு வரல. கென்ஜியா வர்ற ஹிரோயுகி சனடா அந்த ஒரு பார்வையிலயே நடிச்சுக் காட்டிட்டாரு. அட, படம் எங்கயோ போகப்போகுதுன்னு நிமிந்து உக்காந்தா, அதுக்கப்புறம் அந்த உறவ பெருசா கண்டுக்காம கடைசியில ஈஃபில் டவர் மேல கத்திச்சண்டையில முடிச்சுடுறாங்க. வளத்த பாசத்துக்கு மொத்தமே அஞ்சாறு வசனம் தேறாது.

பாரிஸ்னா மொரிஷியஸ்ல இருக்கிற எங்களுக்கு சித்தி வீடு, மாமா வீடு இருக்கிற ஊரு. லீவுக்கு வந்தா மெட்ரோ கூட்டம், வாடகை, குளிருன்னு அவங்க புலம்பாத நாள் கிடையாது. படத்துல அதுல ஒண்ணுமில்ல, டவர், கிளப், டாக்ஸி, அவ்ளோதான். ஜெனவியேவா வர்ற நோயமி லெனுவாரோட அம்மா பக்கத்துத் தீவு ரெயூனியன்காரங்க, அதனால எங்க வீட்ல அந்தப் பொண்ணு மேல தனிப் பாசம். ஆனா பாவம், கதைக்குத் தேவைப்படுறது அவங்க தலையில பச்சை குத்தியிருக்கிற ட்ரையட் (சீன மாஃபியா கும்பல்) தலைவருங்க பேரு மட்டும்தான்.

சிரிப்பே வரலன்னு சொன்னா பொய். பிரெஞ்சுல கண்டபடி திட்டுறவன் பேச்ச கன்னியாஸ்திரி ஒருத்தங்க கூச்சப்பட்டுட்டே இங்கிலீஷ்ல சொல்ற சீன் இருக்கு. நமக்கு ரெண்டும் தெரியும், அதனால அவன் வாயத் தொறந்ததுமே எங்க அக்கா சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க, அம்மா ரிமோட்ட தேடிட்டாங்க. டாக்ஸி டிரைவர் ஜார்ஜும் தேவலாம், அமெரிக்காக்காரன வண்டியில ஏத்தமாட்டேன்னு முறைச்சவரு ஒரே ஒரு சேசிங்குக்கு அப்புறம் தானே ஸ்பை ஆகணும்னு துடிக்கிறாரு. யவான் அத்தால் அத அசால்ட்டா பண்ணியிருக்காரு.

மத்ததெல்லாம் அறுவை. ஏர்போர்ட்ல பிரெஞ்சு போலீஸ் ரெண்டு பேரையும் சோதனை போடுற சீன் அருவருப்பு. மாக்ஸ் வான் சிடோ மாதிரி பெரிய நடிகர கூட்டிட்டு வந்து, பாத்த உடனே வில்லன்னு தெரியுற வேஷத்த குடுத்திருக்காங்க. இன்னைக்கும் நாலாவது பாகம், நாலாவது பாகம்னு பேசிட்டேதான் இருக்காங்க, எடுக்குறதா இருந்தா அந்த மூங்கில் சாரத்த ஒருதடவ திரும்பப் போட்டுப் பாத்துட்டு எடுங்கப்பா.