கையால் செய்த சோப்பு சீக்கிரம் கரையாமலிருக்க: மரத்தட்டா, காந்தமா, பீர்க்கங்கூடா?

தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து, அடுப்பில் ஏற்றாமல் காரத்துடன் சேர்த்துச் செய்யும் சோப்பைத்தான் இரண்டு ஆண்டுகளாக வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். தோலுக்கு அது ஒத்துக்கொண்டது, பணப்பைக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு பேர் குளிக்கும் வீட்டில் 100 கிராம் கட்டி ஒன்று பத்து நாளைத் தாண்டவில்லை என்பதோடு, அதில் கணிசமான பங்கு எவர் உடம்பிலும் படாமல் சோப்புப் பெட்டியின் அடியில் கூழாகத் தேங்கி வீணாயிற்று.

காரணம் எளிது. பெரிய ஆலைகளில் பெரும்பாலும் கிளிசரினைத் தனியே பிரித்தெடுத்துவிட்டு, சோப்பை உலர்த்தி, இயந்திரத்தில் அரைத்து, இறுக்கி அழுத்துகிறார்கள். கையால் செய்ததில் கிளிசரின் முழுவதும் கட்டிக்குள்ளேயே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கைக்குக் கல்லைப்போல இருந்தாலும் நீரில் எளிதில் கரையும் இயல்புடையது. கடல்நீரில்கூட அது நுரைப்பது அதனால்தான். எனவே ஒரு குளியலுக்கும் அடுத்த குளியலுக்கும் இடையில் கட்டியின் அடிப்பக்கம் உலர்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது.

மூடி போட்ட பெட்டியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அது பயணத்துக்கு மட்டுமே உதவும். வலைப்பையை உறவினர் வீட்டில் சில நாள் பயன்படுத்தியதோடு சரி: நுரை நன்றாக வருகிறது, தொங்கவிட்டால் காற்றும் படுகிறது, ஆனால் மாதக்கணக்கில் அது எப்படி உழைக்கும் என்று சொல்லும் அளவுக்கு அனுபவம் எனக்கில்லை.

சட்டம் வைத்த மரத்தட்டை நான்கு மாதம் வைத்திருந்தோம். பார்வைக்கு அழகானது, நீரும் வடிகிறது. ஆனால் சோப்புப் பசை சட்டங்களின் இடுக்கில் இறங்கி இறுகிவிட்டால், அதைப் பழைய பல்துலக்கியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் மரத்தின் அடிப்பக்கம் கறுக்கத் தொடங்கும். கட்டி தேய்ந்து பிறைநிலாவாக ஆகும்போது இடுக்கின் வழியே நழுவித் தரையில் விழுவது தனித் தொல்லை.

உலர்த்தும் திறனை மட்டும் கணக்கிட்டால் காந்தப்பிடிதான் முதலிடம் பெறும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சோப்பில் அழுத்திப் பதித்த உலோக மூடியைச் சுவரிலுள்ள காந்தம் பிடித்துக்கொள்வதால், கட்டி அந்தரத்தில் நின்று கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் காயும். ஆனால் புதுக்கட்டி ஒவ்வொன்றுக்கும் மூடியைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்க வேண்டும். கட்டி மெலிந்ததும் மூடி தானே கழன்றுவிடும். மிஞ்சிய சில்லைப் புதுக்கட்டியோடு ஒட்டிப் பயன்படுத்தினால் ஒட்டிய பக்கத்தில் மூடி நிலைக்காது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு படிந்த சுவர் ஓட்டில், காந்தத்தைத் தாங்கும் உறிஞ்சுபிடியும் வெகுநாள் நிற்பதில்லை. ஒருவர் மட்டும் குளிக்கும் அறையாக இருந்தால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது பீர்க்கங்கூடுதான். மொட்டைமாடித் தொட்டியில் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் தோலை உரித்து, விதையை உதறிவிட்டு, ஓரங்குல வில்லைகளாக நறுக்கி, ஒன்றை ஓட்டையுள்ள பழைய சோப்புத் தட்டின்மேல் வைத்தோம். காலையில் கட்டியைத் தூக்கினால் அடிப்பக்கத்தில் நாரின் பின்னல் தேனடைபோலப் பதிந்திருக்கும். மேடுகள் மட்டுமே நாரைத் தொட, பள்ளங்களின் வழியே காற்று ஓடுகிறது. சில்லும் நழுவுவதில்லை. இதை வைத்த பிறகு ஒரு கட்டி பதினாறு, பதினேழு நாள் வருகிறது, ஆனால் அதே சமயம் கட்டியை நூலால் இரண்டாக அறுத்துப் பாதியை மட்டும் குளியலறையில் வைக்கவும் தொடங்கினோம் என்பதால் முழுப் பெருமையையும் கூட்டுக்கே கொடுத்துவிட முடியாது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வீட்டில் எவரும் மறக்காமல் செய்யக்கூடிய வேலை எதுவோ அதுதான் நடக்கும். கூட்டில் ஊறிய சோப்பு வீணாவதில்லை. வாரம் ஒருமுறை அதைக் கொண்டே கைகழுவும் தொட்டியைத் தேய்த்துவிட்டு, வெந்நீரில் அலசி, துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்துவிடுகிறோம். இரண்டு மூன்று மாதத்தில் நார் தளர்ந்ததும் அது செடித்தொட்டிக்குப் போய்விடும். மரத்தட்டு கறுத்தால் மனம் வலிக்கும், காந்தம் துருப்பிடித்தால் காசு வலிக்கும். இது கெட்டால் அடுத்த வில்லையை எடுத்துக்கொள்ளலாம்.

குறை ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடே காயாமல் ஈரவாடை வீசத் தொடங்கும். அப்போது இரண்டு வில்லைகளை நாள்விட்டு நாள் மாற்றுகிறோம்; மாற்றிய வில்லை அடுப்படி ஜன்னலோரம் காயும். மீதிப் பாதிக்கட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பீரோவில் துணிகளுக்கிடையே வைக்கிறோம்; அங்கே அது இன்னும் சற்று இறுகிக்கொண்டிருக்கும், புடவைகளுக்கும் மணம் ஏறும்.