எச்ஆர்சிடி என்று பில் போட்டார்கள், எடுத்தது 5 மில்லிமீட்டர் சாதா ஸ்கேன்: நுரையீரல் ஸ்கேனுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கம் வீட்டில் யாருக்காவது டாக்டர் "எச்ஆர்சிடி செஸ்ட்" (நுரையீரலை மெல்லிய துண்டுகளாக நுணுக்கமாகக் காட்டும் சிடி ஸ்கேன்) என்று எழுதிக் கொடுத்திருந்தால், ஸ்கேனுக்குக் கிளம்பும் முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். எங்கள் அப்பாவுக்கு நடந்தது இது. சென்டர் பெயரைக் கேட்காதீர்கள், புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை எழுதுவதாக இல்லை.

அப்பாவுக்கு 67 வயது. 30 வருஷமாக வைக்கோல் வியாபாரம். அறுத்த வயலிலேயே பேரம் பேசி, கட்டி, லாரி ஏற்றி அனுப்புவார். மழையில் நனைந்து உள்ளே பூசணம் பிடித்த கட்டைப் பிரித்தால் வெள்ளையாகப் புகை மாதிரி தூசி கிளம்பும், அதற்குள்ளேயே வருஷக்கணக்காக நின்றவர். ஐப்பசியிலிருந்து வறட்டு இருமல், தை பிறந்ததும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கும்பகோணத்தில் டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் கீழ வெல்க்ரோ பிரிக்கிற மாதிரி சத்தம் வருது, எச்ஆர்சிடி எடுத்துட்டு வாங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சென்டர். சாதா நெஞ்சு சிடி 3,200, எச்ஆர்சிடி 4,800 என்று விலைப்பலகையே இருந்தது. 4,800 கட்டினோம், பில்லிலும் எச்ஆர்சிடி என்றுதான் இருக்கிறது. உள்ளே இருந்த பையன் அப்பாவிடம், "பெருசு, அசையாம படு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். கழுத்தில் கிடந்த செப்புத் தாயத்தைக் கழற்றச் சொல்லவில்லை, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லவில்லை. மூச்சை எப்போது பிடிக்க வேண்டும் என்று மிஷினே பேசியது, இந்தியில். அப்பாவுக்கு என்ன புரியும்? நடுவில் இருமினார். எனக்கு வெளியில் கேட்டது. ஐந்து நிமிஷத்தில் "முடிஞ்சுது, போலாம்" என்றான்.

ரிப்போர்ட்டில் இரண்டு கீழ்ப்பகுதியிலும் மங்கல், கிருமித்தொற்றாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. அதை நம்பி 3 வாரம் ஆன்டிபயாடிக் ஓடியது. இந்த 3 வாரம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெறும் தொற்றுதானே, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று அப்பா களத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார், சம்பா வைக்கோல் வருகிற நேரம், ஒரு நாளைக்கு இரண்டு லாரி. எது அவர் நுரையீரலைக் கெடுத்ததோ அதே தூசியில் போய் நின்றார், நாங்களும் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

மூச்சு வாங்குவது கூடியதும் தஞ்சாவூரில் நெஞ்சு டாக்டரிடம் போனோம். ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் அரை நிமிஷத்தில் கீழே வைத்துவிட்டு, "சிடி தட்டு இருக்காம்மா?" என்றார். ஸ்கேன் படங்களைப் பதிந்து தரும் கம்ப்யூட்டர் தட்டு அது. சென்டரில் அதை முதல் நாளே தரவில்லை, 300 ரூபாய் தனியாகக் கேட்டார்கள், அப்புறம் சண்டை போட்டு வாங்கியிருந்தேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். "இது எச்ஆர்சிடியே இல்லம்மா. 5 மில்லிமீட்டர்ல எடுத்திருக்காங்க. இதுல நான் தேடறது தெரியாது."

ராத்திரி அக்கா மகளுக்குப் போன் போட்டேன், அவள் ரேடியாலஜி படிக்கிறாள். அவள் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். சிடி உடம்பைக் குறுக்கே துண்டு துண்டாக நறுக்கிக் காட்டுகிறது. ஒவ்வொரு துண்டுப் படமும் 512க்கு 512 கட்டம். நெஞ்சுக்கு 350 மில்லிமீட்டர் அகலம் வைத்தால் ஒரு கட்டம் சுமார் 0.7 மில்லிமீட்டர், அது நல்ல நுணுக்கம்தான். ஆனால் துண்டின் கனம் 5 மில்லிமீட்டராக இருந்தால், அந்த 5 மில்லிமீட்டருக்குள் இருப்பதெல்லாம் கலந்து ஒரே சராசரி நிறமாக வரும். ஒரு கும்பகோணம் வெற்றிலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நரம்பு நரம்பாகத் தெரியும். அதே வெற்றிலையை ஐந்தாறு சேர்த்து அடுக்கிப் பிடித்தால் பச்சை மூட்டம்தான்.

கணக்காகவும் சொன்னாள். சிடியில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000 என்று எண். காற்று நிறைந்த நுரையீரல் −850 பக்கம் இருக்கும். அதற்குள் 1 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தழும்புக் கோடு, எண் 0 என்று வைத்துக்கொள்வோம். 1 மில்லிமீட்டர் துண்டு அந்தக் கோட்டின் மேலேயே விழுந்தால் கோடு கோடாகவே தெரியும். 5 மில்லிமீட்டர் துண்டில் நாலு பங்கு நுரையீரலும் ஒரு பங்கு தழும்பும் கலந்து −680 ஆகிவிடும். அதாவது கோடு போய்ச் சாம்பல் மூட்டம் வந்துவிடும். அப்பா ரிப்போர்ட்டில் மங்கல் என்று இருந்ததே, அது இதுதான். ரிப்போர்ட் எழுதிய டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன், கண்ணில் பட்டதைத்தானே அவர் எழுத முடியும்.

மறுநாள் சென்டருக்குப் போனேன். மேனேஜர், "ஷார்ப் ஃபில்டர் போட்டிருக்கோம் மேடம், அதுதான் எச்ஆர்" என்றார். பாதி உண்மை. எச்ஆர்சிடிக்குக் கூர்மையாக்கும் ஃபில்டரும் வேண்டும், 1.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத கனமும் வேண்டும். கலந்து போனதை எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. அப்படியானால் பழைய ஸ்கேனிலிருந்தே மெல்லிசாகப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அவர்கள் மிஷினில் அது முடியும், கதிரை வாங்கும் மெல்லிய டிடெக்டர் வரிசையில் மிஷின் முதலில் பதிந்த மூலத்தரவு இருந்தால் மறுபடி படுக்கவைக்காமலே 1 மில்லிமீட்டர் படம் போடலாம். ஆனால் மூலத்தரவு சில நாள்தான் மிஷினில் இருக்கும், இடம் நிறைந்தால் அழிந்துவிடும். "அது போயிடுச்சு மேடம்." அவ்வளவுதான் பதில். முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு பொத்தானில் முடிந்திருக்கும் வேலை இது.

ஆக, அப்பா மறுபடி படுக்க வேண்டியதாயிற்று. ஒரு நெஞ்சு சிடியில் சாதாரணமாக 5 முதல் 7 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. உலக சராசரியில் ஒரு மனுஷனுக்கு இயற்கையிலிருந்து ஒரு வருஷத்துக்கே 2.4தான். முதல் ஸ்கேனில் வாங்கியது அத்தனையும் வீண்.

இரண்டாவது ஸ்கேன் தஞ்சாவூரில். அங்கே இருந்த பெண் முதலில் தாயத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "தாத்தா, நான் இழுங்கன்னா நல்லா இழுத்துப் பிடிங்க, விடச் சொன்னாத்தான் விடணும்" என்று மிஷினுக்கு வெளியிலேயே மூன்று தடவை பழக்கினாள். மல்லாக்கப் படுக்கவைத்து ஒன்று, மூச்சை முழுக்க விட்டபின் ஒன்று, குப்புறப் படுக்கவைத்து ஒன்று. வயசானவர்கள் மல்லாந்து படுத்தால் முதுகுப் பக்க நுரையீரல் அமுங்கியே மங்கலாகத் தெரியுமாம், குப்புறப் படுத்தும் அது போகவில்லை என்றால்தான் நிஜ நோய்.

படம் வந்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, மணல் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக இருந்தது, பழைய ஃபிலிம்தான் வழவழவென்று அழகாக இருந்தது. இதில் பலரும் ஏமாறுவார்கள் என்று நினைக்கிறேன். துண்டு ஐந்தில் ஒன்றாக மெலிந்தால், அதே அளவு கதிரில், இந்த மணல் புள்ளித்தூவல் சுமார் 2.2 மடங்கு கூடும். நுரையீரலில் காற்றுக்கும் சதைக்கும் வித்தியாசம் அதிகம் என்பதால் அந்தப் புள்ளிகளை மீறி நோய் தெரிந்துவிடும். கல்லீரல் மாதிரி இடங்களில் வித்தியாசம் கொஞ்சம்தான், அங்கே 3, 5 மில்லிமீட்டரில் பார்ப்பதுதான் வழக்கம், அதில் தப்பில்லை. எந்த உறுப்புக்கு எது என்பதுதான் விஷயம்.

டாக்டர் திரையில் விரல் வைத்துக் காட்டினார். கீழே மெல்லிய வலை மாதிரி கோடுகள். மூச்சு விட்ட படத்தில் அங்கங்கே காற்று வெளியேறாமல் கறுப்பாகத் தங்கிய திட்டுகள். பூசண வைக்கோலால் வரும் நுரையீரல் ஒவ்வாமை, தழும்பும் விழ ஆரம்பித்திருக்கிறது என்றார். "முதல் மருந்து வைக்கோல் பக்கமே போகாம இருக்கறது" என்று அவர் சொன்னபோது அப்பா என்னைத்தான் பார்த்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான். பணம் கட்டும் முன், "எத்தனை மில்லிமீட்டர் ஸ்லைஸ்?" என்று கேளுங்கள். அன்றைக்கே டைகாம் (ஸ்கேன் மிஷின் தரும் அசல் ஃபைல் வகை) படங்கள் உள்ள சிடி தட்டை வாங்கிவிடுங்கள், ஃபிலிமைப் போட்டோ எடுத்துப் போட்டது வேண்டாம். வீட்டில் இலவச வியூவரில் திறந்து "ஸ்லைஸ் திக்னஸ்" என்ற இடத்தில் என்ன எண் என்று பாருங்கள். அது தெரியாவிட்டால் படங்களை எண்ணுங்கள்: நெஞ்சு சுமார் 30 சென்டிமீட்டர் என்றால் 5 மில்லிமீட்டரில் 60 படம் வரும், 1 மில்லிமீட்டரில் 300. அப்பாவின் முதல் தட்டில் 61 படம் இருந்தது. 5 என்று இருந்தால் அன்றைக்கே திரும்பிப் போய், மூலத்தரவு அழிவதற்குள் மெல்லிசாகப் போட்டுக் கேளுங்கள்.

நுகர்வோர் கோர்ட்டில் மனு போட நடந்ததிலிருந்து 2 வருஷம் அவகாசம் இருக்கிறது, நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. பில், ரிப்போர்ட், 61 படம் உள்ள அந்தத் தட்டு மூன்றையும் ஒரே கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் சமீபத்தில் எச்ஆர்சிடி எடுத்தவர்கள் யாராவது இருந்து, தட்டைத் திறந்து பார்க்கத் தெரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நானே பார்த்துச் சொல்கிறேன்.