எட்டு வருடத்தில் மூன்று வெப் சர்வர்: அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், கேடி

2017-ல் 1 ஜிபி ரேம் உள்ள ஒரு விபிஎஸ் (வாடகை சர்வரில் ஒரு பங்கு) எடுத்து அதில் பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்பும் வெப் சர்வராக அப்பாச்சி, தளத்தின் நிரலை ஓட்ட பிஎச்பி, டேட்டாபேஸுக்கு மைஎஸ்கியூஎல் போட்டு மூன்று வேர்ட்பிரஸ் தளங்களை ஏற்றினேன். ஏன் அப்பாச்சி என்றால், தேடியதும் முதலில் வந்த வழிகாட்டியில் அதுதான் இருந்தது, அவ்வளவுதான்.

மறு வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் பாத்திரக்கடைக்காரர் ஒருவருடைய தளம் ராத்திரி ஒன்பது மணிக்கு டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது. பழியை மைஎஸ்கியூஎல் மேல் போட்டு அதை மறுபடி ஸ்டார்ட் செய்தேன், இருபது நிமிடத்தில் திரும்பவும் விழுந்தது. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதிவைக்கும் லாகைப் பார்த்தால், ரேம் தீர்ந்துபோய் கர்னலே மைஎஸ்கியூஎல்லைக் கொன்றிருக்கிறது. ரேமைத் தின்றதோ அப்பாச்சி. அதன் பிரீஃபோர்க் முறையில் ஓர் இணைப்புக்கு ஒரு பிராசஸ் (தனியாக ஓடும் ஒரு பிரதி), ஒவ்வொன்றின் வயிற்றிலும் பிஎச்பி, என் சர்வரில் ஒன்று சுமார் 40 எம்பி பிடித்தது. ஒரு குத்துவிளக்குப் படத்தை மட்டும் கேட்டு வருகிற ஆளுக்கும் அதே 40 எம்பி. டெபியன் லினக்ஸில் இயல்பாக 150 பிராசஸ் வரை போகலாம். 6 ஜிபி ஆகிறது, என்னிடம் இருந்தது 1.

சரி என்று என்ஜின்எக்ஸுக்கு மாறினேன். ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைச் சமாளிக்கவென்றே இகோர் சிசோயேவ் எழுதி 2004-ல் வெளியிட்டது. ஒரு வொர்க்கர் பிராசஸே ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும். ரேம் மூச்சுவிட்டது. இரண்டு வருடம் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதன் பெருமையைப் பேசினேன். அப்புறம்தான் உறைத்தது, பாதிப் பெருமை, என்ஜின்எக்ஸோடு சேர்த்து பிஎச்பியை வெளியே தனியாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்முக்குப் போக வேண்டியது. பிஎச்பியைத் தனியாகப் பிரித்து, அப்பாச்சியை ஒரு பிராசஸே பல இணைப்புகளைப் பார்க்கும் ஈவென்ட் முறைக்கு மாற்றி, உச்சவரம்பையும் குறைத்திருந்தால் அந்தத் தீபாவளி அப்பாச்சியிலேயே தாண்டியிருக்கும்.

மாறியதற்குக் கொடுத்த விலையை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஃபோல்டருக்குள்ளேயே அப்பாச்சிக்கு விதிகள் எழுதிவைக்கும் எச்டிஆக்சஸ் கோப்புகளை என்ஜின்எக்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காது. சுட்டிகள் எல்லாம் 404 (பக்கம் இல்லை) ஆவது உடனே கண்ணில் படும், ஒரு வரியில் சரிசெய்துவிடலாம். கண்ணில் படாதது எது தெரியுமா? பேக்கப் ஃபோல்டரை யாரும் திறக்கக் கூடாது என்று அதே கோப்பில்தான் பூட்டியிருந்தேன். மூன்று வாரம் கழித்து ஏதோ சந்தேகத்தில் அந்த ஃபோல்டரில் இருந்த ஜிப் கோப்பின் முகவரியை பிரவுசரில் அடித்தேன், டேட்டாபேஸோடு சேர்ந்து அழகாக இறங்கியது! அன்று ராத்திரி பாஸ்வேர்டு மாற்றியே விடிந்தது.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். 1 எம்பிக்கு மேல் படம் ஏற்றினால் 413 (கோப்பு மிகப் பெரிது) என்ற பிழை வரும், வரம்பை நாம்தான் கூட்ட வேண்டும். இன்னொரு முறை https-க்கு வேண்டிய எஸ்எஸ்எல் சான்றிதழ் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டிருந்தும், ரீலோட் செய்யாததால் என்ஜின்எக்ஸ் பழையதையே காட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கடுப்பில்தான் 2021-ல் சொந்தத் தளங்களை கேடிக்கு மாற்றினேன். டொமைன் பெயர், ஃபோல்டர், பிஎச்பி இருக்கிற இடம் என நாலைந்து வரிதான், சான்றிதழை அதுவே வாங்கி அதுவே புதுப்பிக்கும். இதுவரை அந்தக் கவலையே இல்லை. ஆனால் சிக்கல் வந்தால் தேடிக் கிடைப்பதில் பாதி பழைய முதல் பதிப்புக்கான பதில்கள், 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை ஓடாது. ஆவணத்தைப் பொறுமையாகப் படிக்கிறவர்களுக்குச் சரிப்படும்.

பாத்திரக்கடை இன்னும் என்ஜின்எக்ஸில்தான். ஒரே ஒரு வாடிக்கையாளரை மட்டும் அப்பாச்சியிலேயே விட்டுவைத்திருக்கிறேன், இந்த முறை எஃப்பிஎம்மோடு. அவர்களுடைய டெவலப்பர் ராத்திரி இரண்டு மணிக்கு எச்டிஆக்சஸில் ரீடைரக்ட் (ஒரு முகவரியை இன்னொன்றுக்குத் திருப்பும் விதி) மாற்றுகிற ஆள். அங்கே என்ஜின்எக்ஸ் போட்டால் ஒவ்வொரு தடவையும் போன் எனக்குத்தான் வரும்.