அம்பாசிடர் மீட்டருக்கு எல்இடி பல்பு மாத்தினேன், சார்ஜ் லைட்டை மட்டும் தொடாதீங்க

எங்க வீட்டு அம்பாசிடர் 1986 மார்க் 4, பெட்ரோல், அப்பா ஆசைப்பட்டு வாங்கின வண்டி. இஞ்சின்லாம் இன்னும் நல்லா தான் இருக்கு, ஆனா இருட்டிருச்சுன்னா மீட்டர்ல ஒன்னுமே தெரியாது, பெட்ரோல் முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்கவே மொபைல் டார்ச் அடிக்கணும். அப்பாவுக்கு 70 தாண்டிருச்சு, ஆனாலும் இந்த வண்டிய அவர் தான் ஓட்டுவாரு, அதனால இத இப்படியே விட எனக்கு மனசு வரல. ஆன்லைன்ல 10 பல்பு இருக்கற ஒரு எல்இடி செட் 380 ரூபாய்க்கு வாங்கினேன், மூணு மாசம் ஓட்டிட்டு தான் இத எழுதறேன்.

முதல்ல வாங்கும்போது கவனிக்க வேண்டியது. எங்க வண்டில இருக்கறது திருகுற டைப் குட்டி பல்பு, 12 வோல்ட் 2.2 வாட். இப்ப கடைல நிறைய கிடைக்கறது சொருகுற டி10 டைப், அத வாங்கிட்டு வந்தா நம்ம ஹோல்டர்ல உக்காராது. இன்னொன்னு, எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு. சொருகுற டைப்னா எரியலன்னா உருவி திருப்பி சொருகிடலாம், திருகுற டைப்ப அப்படி திருப்ப வழியே இல்ல. ரொம்ப பழைய வண்டி சிலதுல பேட்டரி பாசிட்டிவ் தான் பாடில எர்த் ஆகியிருக்கும், அந்த மாதிரி வண்டி வச்சிருக்கவங்க ரெண்டு பக்கமும் எரியற டைப்பான்னு கேட்டு தான் வாங்கணும்.

ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்தேன். பேட்டரி எர்த் கழட்டிட்டு, ஸ்பீடோ கேபிள கழட்டிட்டு மீட்டர வெளிய எடுத்தேன். உள்ள பாத்தா அவ்ளோ தூசி, பல்போட வெளிச்சம் பட்டு திரும்பற வெள்ளை பெயிண்ட் எல்லாம் பழுப்பு ஏறி கெடக்கு. ஈரத்துணி வச்சு மெதுவா துடைச்சேன், அதுக்கே வெளிச்சம் நல்லாவே கூடுச்சு. யாரா இருந்தாலும் எல்இடி வாங்கறதுக்கு முன்னாடி இத பண்ணி பாருங்க, பாதி பேருக்கு இதுவே போதும்.

வெளிச்சத்த பொறுத்தவரைக்கும் செட்டு சுமார். பாக்கெட்ல வார்ம் ஒயிட்னு போட்டிருந்துச்சு, உண்மையிலயே அந்த மஞ்சள் கலந்த பழைய கலர் தான் வந்துச்சு, அந்த விஷயத்துல சந்தோஷம், ஏன்னா நீல வெள்ளையா அடிச்சா பழைய டயல் முகமே மாறிடும். ஆனா இந்த பல்பு நுனில மட்டும் தான் எரியுது, பழைய கண்ணாடி பல்பு மாதிரி சுத்திவர எரியாது. அதனால டயல்ல 40, 60 நம்பர் பளிச்னு இருக்கு, அந்த பக்கம் 100 மங்கலா இருக்கு. வாங்கறவங்க சுத்திவர சிப் வச்சதா பாத்து வாங்குங்க.

அடுத்து மினுக்கல். ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர் அமுக்காம இஞ்சின் மட்டும் ஓடிட்டு நிக்கும்போது, மீட்டர் லைட்டு படபடன்னு துடிச்சுது. பல்பு மேல தான் சந்தேகப்பட்டேன், பழைய பல்ப போட்டா துடிப்பே தெரியல. அப்புறம் தான் புரிஞ்சுது, பழைய பல்புல இழை சூடாவே இருக்கறதால கரண்ட் ரொம்ப சின்ன நேரத்துக்கு விட்டு வந்தா கண்ணுக்கு தெரியாது, எல்இடி உடனே அணைஞ்சு உடனே எரியறதால அப்படியே காட்டிக் கொடுத்துரும். கோளாறு எர்த்ல. ஹோல்டர் உக்கார்ற இடத்துல துரு, உப்புத்தாள் போட்டு தேய்ச்சுட்டு, மீட்டர் உடம்புல இருந்து பாடிக்கு தனியா ஒரு எர்த் வயர் இழுத்து போல்ட் பண்ணேன், துடிப்பு சுத்தமா நின்னுச்சு.

இப்ப முக்கியமான கதை. ஆர்வத்துல வார்னிங் லைட்டு எல்லாத்தையும் சேத்து மாத்திட்டேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணா சார்ஜ் லைட்டு (ஆல்டர்னேட்டர் பேட்டரிய சார்ஜ் பண்ணலன்னா எரியற லைட்டு) அணையவே இல்ல, ஆக்சிலரேட்டர நல்லா அமுக்கினா தான் அணையுது. எலக்ட்ரீஷியன் ஒருத்தர்கிட்ட காட்டினேன், "ஆல்டர்னேட்டர் போச்சு சார், கழட்டி ரீவைண்டிங் பண்ணணும், 3500 ஆகும்"னு சொல்லிட்டாரு. நேத்து வரைக்கும் நல்லா இருந்தது எப்படி திடீர்னு போகும்னு மனசு ஒப்பல. வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர் வச்சு பேட்டரில பாத்தேன், ஐடில்ல 12.3 வோல்ட், ஒரு தடவ நல்லா ரேஸ் பண்ணதும் 14.1 வந்து அப்படியே நிக்குது. அப்போ சார்ஜ் ஆகுது, ஆல்டர்னேட்டர் நல்லா தான் இருக்கு, அது முழிச்சுக்க மட்டும் லேட் ஆகுது.

காரணம் அந்த சின்ன பல்பு தான். எங்க வண்டில முன்னாடியே, இதே சார்ஜ் வேலைய பண்ற பழைய டைனமோவ தூக்கிட்டு லூகாஸ் டைப் ஆல்டர்னேட்டர் போட்டிருக்காங்க. அதுல சாவி போட்டதும் சார்ஜ் பல்பு வழியா போற கரண்ட் தான் உள்ள இருக்கற ஃபீல்டு காயிலுக்கு முதல் காந்தத்த குடுக்கும். 2.2 வாட் பல்புன்னா கிட்டத்தட்ட 0.18 ஆம்பியர் போகும், எல்இடில அதுல பத்துல ஒரு பங்கு கூட போகறது சந்தேகம். அதனால உள்ள சுத்தற ரோட்டார்ல மிச்சம் இருக்கற காந்தத்த வச்சு, வேகமா சுத்தினா தான் அது சார்ஜ் ஆக ஆரம்பிக்கும். பழைய பல்ப திருப்பி போட்டேன், ஸ்டார்ட் ஆனதும் பட்டுன்னு அணைஞ்சுது. செலவு பத்து பதினஞ்சு ரூபா. எல்இடி தான் வேணும்னா 68 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்ன பல்புக்கு பேரலல்ல போடலாம், ஆனா அது சூடாகும், வயர் பிளாஸ்டிக்ல படாம வைக்கணும். பல்பே கிடைக்கும்போது அது எதுக்குன்னு நான் விட்டுட்டேன்.

இண்டிகேட்டர் லைட்டுக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. சில பழைய வண்டில ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே பச்சை லைட்டு தான், ஒரு முனை லெஃப்ட் வயர்ல, இன்னொரு முனை ரைட் வயர்ல. சைடு மாறினா பிளஸ் மைனஸும் மாறிடும், சாதா எல்இடி ஒரு பக்கத்துக்கு தான் எரியும். ஹை பீம் நீல லைட்டுக்கும் போடாதீங்க, நான் போட்டு ஜிஎஸ்டி ரோட்டுல ஒரு ராத்திரி ஓட்டினேன், கண்ணுக்கு நேரா குத்துது. சிவப்பு கண்ணாடிக்கு பின்னாடி வெள்ளை எல்இடி வச்சா வெளிறிப்போன மாதிரி தெரியும், சிவப்பு எல்இடியே வாங்கணும்.

பத்துல ஒன்னு வரும்போதே எரியல, இன்னொன்னு ஒரு மாசத்துல போச்சு. ரிட்டர்ன் கேட்டேன், பதிலே இல்ல. 5க்கு 3 ஸ்டார், அதுவும் அந்த கலருக்காக. இப்ப டயல் வெளிச்சத்துக்கு மட்டும் நாலு எல்இடி இருக்கு, வார்னிங் லைட்டு எல்லாம் பழைய பல்பு. போன வாரம் செங்கல்பட்டுல இருந்து ராத்திரி திரும்பி வரும்போது அப்பா தான் ஓட்டினாரு, தாம்பரம் தாண்டினதும் அவரே "கால் டேங்க் தான் இருக்குடா, பங்க்ல நிறுத்தட்டுமா"ன்னு கேட்டாரு.