டச் போனா, பட்டன் போனா, ப்ளஸ் டூ வரை எதுவுமே வேண்டாமா: எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் ரெண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு 11 வயதிலேயே சொந்தமாக டச் போன் வந்துவிட்டது. சின்னவனுக்கு 12 வயதில் பட்டன் போன் வாங்கிக் கொடுத்தோம், டச் போன் பத்தாவது பரீட்சை முடிந்த பிறகுதான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். என் நாத்தனார் வீட்டில் மூன்றாவது வழி: ப்ளஸ் டூ முடியும்வரை பையனுக்கு எந்த போனும் கிடையாது. மூன்றையும் கிட்ட இருந்து பார்த்தாகிவிட்டது, அதில் ரெண்டு நானே செய்தது, ஒன்று தப்பாகச் செய்தது. நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பட்டன் போன் பக்கம்.

கண் கெடும், தூக்கம் கெடும், படிப்பு கெடும் என்பதையெல்லாம் விட்டுவிடலாம். வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கும் அது தெரியும், தெரிந்துதான் கொடுக்கிறார்கள். சிம் போட்ட கைக்கடிகாரம் என்று ஒன்று விற்கிறார்கள், அதையும் யோசித்தோம். தினம் சார்ஜ் போட வேண்டும், பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போக விடமாட்டார்கள், அதனால் வாங்கவில்லை.

ஐந்து வருட அனுபவத்தில் எனக்கு மிஞ்சியது ஒரே கேள்விதான்: கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? எந்த வயதில் கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, தப்பாகப் போனால் எப்படித் திரும்ப வாங்குவது என்று யாராவது யோசிக்கிறோமா? நான் யோசிக்கவில்லை.

2020 ஜூனில் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளி மூடிக் கிடந்தது, வகுப்பெல்லாம் போனில். வீட்டுக்காரர் தன் போனை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், என்னுடையது பழசு, வகுப்பு லிங்க்கைத் தொட்டாலே அப்படியே நின்றுவிடும். வேறு வழியில்லாமல் 8,500 ரூபாய்க்கு ஒரு டச் போன் வாங்கினோம். வகுப்புக்கு மட்டும்தான், பள்ளி திறந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பேச்சு, அவளும் சரி சரி என்று தலையாட்டினாள். தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ஆம் தேதி திறந்தார்கள். பை, டிபன் பாக்ஸ், முகக்கவசம் எல்லாம் பள்ளிக்குப் போயின. போன் மட்டும் என் கைக்கு வரவில்லை.

வராததற்கு அவளுடைய பிடிவாதம் மட்டும் காரணம் என்றால் நான் சமாளித்திருப்பேன். ஒருநாள் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்று ராத்திரி சாப்பிடவில்லை, சரி, பசித்தால் சாப்பிடுவாள் என்று விட்டுவிட்டேன். மறுநாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். முந்தின நாள் இரவு வகுப்பு குரூப்பில் டெஸ்ட் என்று போட்டிருக்கிறார்கள், அந்த குரூப் இருந்தது அவள் நம்பரில். பள்ளியில் பெற்றோர் நம்பர் என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருந்ததும் அதே நம்பர்தான், பகலில் எடுக்கக்கூடிய போன் வீட்டில் அது ஒன்றுதானே. கேஸ் புக்கிங்கும் அதில்தான். கடைசியில் நானே சாவியை எடுத்துத் திறந்து கொடுத்தேன். பூட்டியது நான், திறந்ததும் நான், அதற்குப் பிறகு என் மிரட்டலுக்கு என்ன மரியாதை இருக்கும்? அந்தப் பெற்றோர் நம்பர் விஷயத்தில் இன்னொரு கூத்து: மார்க் குறைந்தால், லீவு போட்டால், பள்ளியிலிருந்து எனக்கு வர வேண்டிய எஸ்எம்எஸ் எல்லாம் அவளுக்கே போய், அவளே படித்து, அவளே அழித்திருக்கிறாள். எட்டாம் வகுப்பு பெற்றோர் கூட்டத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

வயது விஷயத்திலும் பிழை என்னுடையது. போன் வாங்கிய அன்று ராத்திரி பத்து மணிக்கு கூகுள் கணக்கு தொடங்க உட்கார்ந்தோம். 13 வயதுக்குக் கீழே என்று போட்டால் பெற்றோர் கணக்கோடு சேர்க்கச் சொல்லி அது கேட்டது, இது கேட்டது. காலையில் வகுப்பு, பிறந்த வருடம் 2000 என்று நானே தட்டிவிட்டேன். பின்னால் பிள்ளை போனைப் பெற்றோர் கட்டுப்படுத்துகிற கூகுளின் ஃபேமிலி லிங்க் போட்டு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம் என்று பார்த்தால், கூகுளின் கணக்கில் அவள் விவரம் தெரிந்த பெரிய மனுஷி. இன்ஸ்டாகிராமிலும் பழக்க தோஷத்தில் அதே வருடத்தையே கொடுத்திருக்கிறாள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், கண்டவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது என்று 2024-லிருந்து அவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது, ஏனென்றால் அங்கே அவள் வயது 24. சிம் என் பேரில். 18 ஆகாதவருக்கு சிம் தரமாட்டார்கள் என்பதால் எல்லார் வீட்டிலும் அப்படித்தான், அந்த நம்பரில் என்ன நடந்தாலும் பதில் சொல்ல வேண்டிய ஆள் அப்பாவோ அம்மாவோதான்.

சட்டம் ஏதாவது வயது சொல்கிறதா என்று தேடியும் பார்த்தேன். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டும் 13 என்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கே கூடாது. நம் நாட்டில் 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வரை குழந்தை என்று வைத்து, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் இவை எல்லாமே கணக்கு தொடங்குகிற வயது. போனைக் கையில் கொடுக்கிற வயதை யாரும் சொல்லவில்லை, அது நம் தலையில்.

இனி பட்டன் போன். 2024 ஜூனில் சின்னவன் ஏழாம் வகுப்பு, டியூஷன் சேர்த்தோம், சைக்கிளில் திருச்சி உறையூரிலிருந்து தில்லைநகர் போய்வர வேண்டும், விடுவது எட்டேகால் மணிக்கு. முதல் வாரமே ஒரு நாள் நல்ல மழை. ஒன்பது மணி வரை ஆள் வரவில்லை, டியூஷன் சார் எப்போதோ விட்டாயிற்று என்கிறார். நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தேடிப் போனோம். ஒரு மருந்துக் கடை வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக நிற்கிறான். கேட்டால், "மழைம்மா" என்கிறான். ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசுகிற பெட்டியெல்லாம் காணாமல் போய் எத்தனையோ வருடம் ஆயிற்று, பையன் என்ன செய்வான். மறுநாள் 1,300 ரூபாய்க்கு பட்டன் போன்.

அதன் குணங்களை அடுக்கினால் சிரிப்பாக இருக்கும். நாலு நாளைக்கு ஒருமுறை சார்ஜ். சைக்கிளிலிருந்து ரெண்டு தடவை விழுந்து மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் போயிருக்கிறது, பொறுக்கி மாட்டினால் திரும்ப வேலை செய்கிறது. ரீசார்ஜில் மட்டும் முதலில் வயிறு எரிந்தது: நெட்டே இல்லாத போனுக்கு ஆறு மாதம் நெட் பேக் போட்டேன். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டு, அதற்குப் பிறகுதான் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்சுக்கும் மட்டும் தனி பேக் வந்தது, இப்போது அதுதான். கடையில் அவர்களாக எடுத்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

என் கேள்விக்கு வருகிறேன். போன வருடக் காலாண்டில் கணக்கு விடைத்தாளை ஒளித்து வைத்ததற்காக அந்த போனை வாங்கி வைத்தேன். பத்து நாள். ஒன்றும் நடக்கவில்லை! வகுப்பு குரூப் என் போனில், பள்ளியில் கொடுத்திருப்பது என் நம்பர், அவனைத் தேடுகிற பையன்களும் எனக்குத்தான் அடிக்கிறார்கள். டியூஷனுக்குப் போகும்போது மட்டும் கொடுத்து, வந்ததும் வாங்கி டிவி ஸ்டாண்டில் வைத்தேன். பதினோராம் நாள் திருப்பிக் கொடுக்க எனக்கு மறந்துவிட்டது, கேட்க அவனுக்கும் மறந்துவிட்டது. மகளிடம் நான் இழந்தது இதைத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. போன் போனாகவே இருக்கிறவரை நம்மால் எடுக்க முடியும். பள்ளிக்கூடம், சிநேகிதம், கேஸ் சிலிண்டர் எல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டால் எடுக்க முடியாது.

நெட் வேண்டும்தானே, அதற்கு ஒரு பழைய டச் போன், சிம் இல்லாமல், வைஃபையில் மட்டும், ஹாலில் இருக்கிறது. அதற்கு வீட்டு போன் என்று பெயர். அதில் அவன் ப்ராஜெக்ட்டுக்குப் படம் தேடுவான், கிரிக்கெட் பார்ப்பான், நான் சமையல் குறிப்பு பார்ப்பேன். பாஸ்வேர்ட் எல்லாருக்கும் தெரியும். யாருடையதும் இல்லாததால் சண்டை வருகிறது, ஆனால் அது டிவி ரிமோட்டுக்கு வருகிற மாதிரிச் சண்டை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

குறையே இல்லையா என்றால் நிறைய. முதலாவது, நான் தபால்காரி ஆகிவிட்டேன். ராத்திரி எட்டரைக்கு மிஸ் குரூப்பில் "நாளை சார்ட் பேப்பர் கொண்டு வரவும்" என்று போடுவார், நான் பார்த்து, சொல்லி, கடைக்கு ஓட வேண்டும். ரெண்டாவது, கேலி. டியூஷனில் அதற்கு தாத்தா போன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதைப் பையில் அடியில் போட்டு, ரிங் வந்தாலும் எடுக்காமல் வருகிறான், அப்புறம் போன் இருந்து என்ன பிரயோசனம் என்று வீட்டுக்காரர் கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை. "எல்லார்கிட்டயும் டச் போன் இருக்கும்மா, நான் மட்டும்தான்" என்கிறான். பிள்ளைகளின் படிப்பு நிலையைப் பார்க்கிற அசர் என்ற கணக்கெடுப்பு 2024-இல், கிராமப்புறங்களில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 வயதுப் பிள்ளைகளில் சொந்தமாக வைத்திருப்பது 27 சதவீதம் என்கிறது, 16 வயதில் 38-ஐ ஒட்டி. அவன் சொல்கிற எல்லாரும் அந்தக் கால்வாசிதான் என்று நினைத்துக்கொள்கிறேன், ஆனால் திருச்சியில் ஒரு தனியார் பள்ளி வகுப்பில் அது பாதிக்கு மேலேயே இருக்கலாம். மூன்றாவது, சிநேகிதன் வீட்டில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடுகிறான். ஃப்ரீ ஃபயரை 2022-இல் தடை செய்தார்கள், மேக்ஸ் மட்டும் எப்படியோ தப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டன் போன் இதை நிறுத்தாது, ராத்திரி பதினொரு மணிக்கு போர்வைக்குள் விளையாடுவதைத்தான் நிறுத்தும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பட்டன் இருக்கிறது என்பதற்காகவே அதை பட்டன் போன் என்று நம்பிவிடாதீர்கள். 2017-இல் வந்த ஜியோபோனிலேயே அடுத்த வருடம் வாட்ஸ்அப்பும் யூடியூப்பும் வந்துவிட்டன. இப்போது விற்கிற 4ஜி பட்டன் போன்கள் சிலவற்றில் யுபிஐ கூட உண்டு. கடையிலேயே மெனு முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நாத்தனார் வழியைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது, வெளியிலிருந்து பார்த்ததுதான். "அண்ணி, எங்க வீட்ல அந்தத் தலைவலியே இல்ல" என்பாள் ஒவ்வொரு தீபாவளிக்கும். பையன் நன்றாகத்தான் படித்தான், பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்து விடுதிக்குப் போகும்போது 17 வயதில் முதல் போன், அதுவும் இருபதாயிரத்துக்கு. முதல் செமஸ்டரில் மூன்று அரியர். போனால்தான் என்று நான் சொல்லமாட்டேன், விடுதி வாழ்க்கை, புதுப் பாடம், எத்தனையோ இருக்கும். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் அவனே சிரித்துக்கொண்டு சொன்னது: பதினொன்றாம் வகுப்பிலேயே சிநேகிதனின் பழைய போன் ஒன்று அவன் ஷூவுக்குள் ரெண்டு மாதம் இருந்திருக்கிறது. ஒளித்து வைத்த போனைத் திரும்ப வாங்கவும் முடியாது, அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாதே. வீட்டிலிருந்து வாசலில் பஸ் ஏறி வாசலில் இறங்குகிற பிள்ளை, தாத்தா பாட்டி வீட்டிலேயே இருக்கிறார்கள் என்றால் இந்த வழி சரிப்படலாம்.

ஆக என் கணக்கில் வயது என்பது பிள்ளை தனியாக வெளியே போய்வரத் தொடங்குகிற நாள்தான், ஆறாவதோ எட்டாவதோ, அன்றைக்கு பட்டன் போன். டச் போன் பத்தாவதுக்குப் பிறகு, உண்மையான பிறந்த வருடத்தோடு. இந்த ரெண்டாம் பாதியை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை, சின்னவன் எட்டாவதுதான் படிக்கிறான், பதினைந்து வயதில் என்ன ஆட்டம் ஆடுவான் என்பது தெரியாது. பெண் பிள்ளைக்கு போனே கூடாது என்று சொல்கிற சொந்தக்காரர்கள் என் பக்கம் சேர வேண்டாம், அதே அசர் கணக்கில் சொந்தமாக ஸ்மார்ட்போன் வைத்திருப்பது பையன்களில் 36 சதவீதம், பெண்களில் 27 என்று ஏற்கெனவே இடைவெளி இருக்கிறது. நான் மகளிடம் செய்த தப்பு அவள் பெண் என்பதால் வந்தது இல்லை, அவசரத்தால் வந்தது.

அவள் இப்போது ப்ளஸ் ஒன். ராத்திரி பத்து மணிக்கு எல்லா போனும் டிவி ஸ்டாண்டில் என்பது வீட்டுச் சட்டம், அவளுக்கு மட்டும் அது எட்டுவதில்லை. போன வாரம் ஒருநாள் நான் கேட்காமலே அவளாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். நானும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். காலையில்தான் தெரிந்தது, அவள் அறையில் சார்ஜர் கெட்டுப்போயிருக்கிறது.