கைபேசிச் செயலியைக் கணினியில் ஓட்டித் தருகிறோம் என்றார்கள்: ரூ.6,850 போயிற்று

என் மேசையில் ஒரு ரசீது கிடக்கிறது. ‘கம்ப்யூட்டர் சர்வீஸ் – 6,850’ என்று ஒரே வரி. என்ன சர்வீஸ், எதற்கு எவ்வளவு என்று ஒரு சொல்லும் இல்லை. ரசீது வாங்கியபோதே அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, ஏனென்றால் அந்தக் கணினிக் கடையை நான் ஆறு ஆண்டுகளாக நம்பிவந்தேன்.

அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது, மற்றொன்றுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மாலையில் தொடர் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. கைபேசியின் சின்னத் திரையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு அவர் சிரமப்படுவதைப் பார்க்க முடியாமல்தான், வீட்டிலிருக்கும் 24 அங்குலத் திரையில் அதே ஓடிடி செயலியை ஓட்ட வழியிருக்கிறதா என்று சென்ற சனிக்கிழமை அந்தக் கடையில் போய்க் கேட்டேன். கணினியில் பார்ப்பதற்கான சந்தா விலை கூடுதல், கைபேசிக்கு மட்டுமான சந்தா மலிவு என்பதையும் சொன்னேன்.

“அப்பாவுக்குத்தானே அக்கா? மொபைல் சந்தாவே போதும். விண்டோஸ் 11-லயே ஆண்ட்ராய்டு ஆப் ஓடுற வசதிய மைக்ரோசாஃப்டே குடுத்திருக்கான். எல்லாம் ஒரிஜினல்” என்றார் கடைக்காரர். சொன்னதோடு நிற்காமல் தம் கணினியைத் திருப்பிக் காட்டினார். திரையில் கூகுள் பிளே இருந்தது. அதே ஓடிடி செயலி திறந்தது, படங்களின் சுவரொட்டிகள் வரிசையாக வந்தன, ஒரு முன்னோட்டத்தை அழுத்தினார், அது தெளிவாக ஓடியது. அந்த இரண்டு நிமிட முன்னோட்டத்தைப் பார்த்துத்தான் நான் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். முழு நிகழ்ச்சி ஒன்றை ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்க அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

நிறுவித் தருவதற்கு ரூ.4,500, எங்கள் கணினியில் இருக்கும் 8 ஜிபி ரேம் போதாதென்று இன்னொரு 8 ஜிபி சேர்க்க ரூ.1,850, கைபேசிச் சந்தாவுக்கு ரூ.500 என்று மொத்தம் ரூ.6,850 ஆயிற்று. சந்தாவைத் தம்முடைய கைபேசியிலிருந்தே, தம்முடைய பிளே ஸ்டோர் கணக்கில் நண்பகல் 12 மணியளவில் கட்டினார். அது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குச் சில நாள் கழித்துத்தான் விளங்கியது.

அன்று மாலை அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தொடரை அழுத்தினேன். வசனம் கேட்டது, அடியில் எழுத்துகள் ஓடின, ஆனால் படம் வரவேண்டிய இடம் முழுக்கக் கறுப்பு. அப்பா தம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, “எனக்கு மட்டுந்தான் தெரியலையாம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

இரவே கடைக்காரரை அழைத்தேன். “சர்வர் டவுனா இருக்கும், காலையில சரியாயிடும்” என்றார். ஞாயிறு முழுவதும் அழைப்பை எடுக்கவில்லை. திங்கள் காலை பத்தரைக்குக் கடை திறக்கும்போதே போய் நின்றேன். “அப்டேட் வரணும், ரெண்டு நாள் பொறுங்க” என்றார். புதன்கிழமை மறுபடி போனபோது, “ஆப்காரன் பிளாக் பண்ணா நான் என்னக்கா செய்ய முடியும்? அவன்கிட்டதான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு வேறொரு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். ஓடிடி நிறுவனத்தின் உதவி அரட்டையில் கேட்டேன். இந்தச் சந்தா கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமே உரியது, கணினிக்குப் பொருந்தாது, பணம் பிளே ஸ்டோர் வழியாகக் கட்டப்பட்டிருப்பதால் அங்கேதான் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. பிளே ஸ்டோரில் வாங்கியதற்கு 48 மணி நேரத்துக்குள் அவர்களிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்குப் பிறகு செயலியை வெளியிட்டவரை அணுகச் சொல்கிறார்கள். கேட்பதானாலும் வாங்கிய கணக்கிலிருந்து கேட்க வேண்டும், அந்தக் கணக்கோ கடைக்காரருடையது. திங்களன்று நான் அவர் முன்னால் நின்றபோது அந்த 48 மணி நேரத்தில் இன்னும் ஒன்றரை மணி நேரம் மீதமிருந்தது. “ரெண்டு நாள் பொறுங்க” என்ற சொல் அதைத் தின்றுவிட்டது.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். விண்டோஸ் 11-இல் ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2021-இல் அறிவித்தது உண்மைதான். ஆனால் அதை நிறுத்தப்போவதாக 2024 மார்ச்சிலேயே சொல்லி, 2025 மார்ச் 5-ஆம் தேதியோடு ஆதரவை முடித்துக்கொண்டது. அது நடப்பில் இருந்த காலத்திலும் அதிலிருந்த செயலிக் கடை அமேசான் ஆப்ஸ்டோர்தானே தவிர, கூகுள் பிளே அல்ல. ஆகவே கடைக்காரர் எனக்குக் காட்டிய திரையில் கூகுள் பிளே இருந்ததே, அது யாரோ மாற்றியமைத்து இணையத்தில் போட்ட பிரதி என்பதற்கு அடையாளம். அப்படிப்பட்ட பிரதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்குத்தான் என்னிடம் ரூ.4,500 வாங்கினார்.

படம் கறுத்ததற்கு சர்வர் காரணமல்ல. ஓடிடி தளங்கள் படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டில் அந்தப் பூட்டுக்கு வைட்வைன் என்று பெயர். கைபேசிகள் பலவற்றில் அதன் எல்1 நிலை வன்பொருளோடு சேர்ந்தே வருகிறது. கணினியைக் கைபேசிபோல நடிக்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருள்களிலும் இப்படி மாற்றியமைத்த பிரதிகளிலும் மென்பொருளை மட்டும் நம்பிய எல்3 நிலைதான் பொதுவாகக் கிடைக்கும், அதற்கு எந்தப் படத்தரம் வரை அனுமதிப்பது, அனுமதிப்பதா வேண்டாமா என்பதெல்லாம் தளத்தின் முடிவு. இது போதாதென்று, தான் ஓடுவது சான்று பெற்ற கருவிதானா என்று செயலி சோதித்துக்கொள்ள பிளே இன்டெக்ரிட்டி என்ற ஏற்பாடும் இருக்கிறது. முன்னோட்டத்துக்குப் பூட்டு இல்லாவிட்டால் அது ஓடும், தொடர் ஓடாது. இந்த வேலையையே தொழிலாகச் செய்பவருக்கு இது தெரியாது என்று நம்ப நான் தயாராக இல்லை.

கணினிக்கும் சேர்த்த சந்தாவை வாங்கியிருந்தால் எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே அப்பா பார்த்திருப்பார். அதற்கு ரூ.6,850 ஆகியிருக்காது.

அவசரமாகச் சொல்கிறேன். முன்னோட்டத்தை நம்பாதீர்கள், முழு நிகழ்ச்சி ஒன்றைப் பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சந்தாவை உங்கள் கணக்கிலேயே கட்டுங்கள். மாற்றியமைத்த பிரதியில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்திருந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றி, அந்தக் கருவியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். அப்பாவின் கணக்கில் நேற்றிரவுதான் அதைச் செய்தேன். ரசீதில் ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதச் சொல்லுங்கள்.

நாளைக் காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கப்போகிறேன். என்னிடம் இருப்பது இந்த ஒற்றை வரி ரசீதும், கறுத்த திரையைக் கைபேசியில் பிடித்து வைத்த காணொளியும்தான்.